பேனரில் நின்ற வீடு

மாட்டுத்தாவணியில் இறங்கி, டவுன் பஸ் மாறி, ஒத்தக்கடை ஸ்டாப்பில் கால் வைத்தால் எதிரே நானே நிற்கிறேன். ஆளுயரத்துக்கு மூன்று மடங்கு. ஜென்மத்தில் நான் போட்டிராத கறுப்புக் கண்ணாடியை மூக்கில் மாட்டிவிட்டிருந்தார்கள். 'நார்வே தாய்மாமனே, வருக! வருக!' என்று மஞ்சள் எழுத்து. பின்னால் பனி மூடிய மூன்று மாடி வீடு, வாசலில் கார். தங்கை மகளின் காதுகுத்துக்கு என் மாப்பிள்ளை, அதாவது தங்கையின் கணவர், வைத்திருந்த பேனர். பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வீடு என்னுடையதில்லை. காரும் என்னுடையதில்லை. வீட்டுக்காரருடையவை. பாதி மண்ணுக்குள் இருக்கிற கீழ்த்தளத்தில் நானும் மனைவியும் மகளும் வாடகைக்கு இருக்கிறோம். எங்கள் ஜன்னலில் தெருவில் போகிறவர்களின் ஷூ மட்டும் தெரியும். அதுவும் யாராவது போனால்தான். ஞாயிற்றுக்கிழமை கடையும் கிடையாது, சத்தமும் கிடையாது. நம் வீட்டுக் குக்கர் விசில் நமக்கே தூக்கிவாரிப் போடும்.

என் சம்பளத்தை ரூபாயில் பெருக்குவதற்கு ஒத்தக்கடையில் எல்லோருக்கும் தெரிகிறது. செலவைப் பெருக்கத்தான் ஒருத்தருக்கும் வரவில்லை. அங்கே ஒரு தடவை முடி வெட்டுகிற காசில் இங்கே ஒரு குடும்பம் ஒரு வாரம் சாப்பிடும். அதனால் மனைவிதான் பாத்ரூமில் உட்காரவைத்து எனக்கு மிஷின் போடுகிறாள். கரண்டுக்கு மணிக்கு ஒரு விலை. போனில் பார்த்து, விலை இறங்கிய நேரத்தில்தான் துணி துவைப்போம். பல் வலித்தால் ஊருக்கு வரும்வரை கிராம்பு. மதியம் ஆபீஸில் காகிதத்தில் சுற்றிய ரொட்டி. என் மேலதிகாரியும் அதையேதான் தின்கிறார். அவருக்கு அது பழக்கம், எனக்கு வேறு வழியில்லை. குழாய்த் தண்ணீர் நன்றாக இருக்கும், மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஃபீஸ் கிடையாது. அதையெல்லாம் இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று டிக்கெட் எடுக்க முடியாமல்தான் நான் ஒற்றை ஆளாக வந்திருந்தேன். கேட்டவர்களிடம் மகளுக்கு லீவு இல்லை என்றேன்.

வீட்டு வாசலில் மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க மச்சான்! பேனரப் பாத்தீகளா? எப்படி?"

"யாரக் கேட்டு வச்சீங்க மாப்ள?"

"நம்ம கெத்து தெரிய வேணாமா? சீர் ரெண்டு டெம்போல வருது, மேளத்தோட வருதுன்னு சொந்தக்காரய்ங்க எல்லாத்துக்கும் சொல்லிட்டேன். உங்களுக்கு இதெல்லாம் எம்புட்டு காசு!"

என் பையில் குழந்தைக்குத் தோடும் ஒரு பட்டுப்பாவாடையும் இருந்தன. பழத்தட்டுகளை இங்கே வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். எவன் வீட்டுக் காசை எவன் அள்ளிவிடுவது! அந்த இடத்திலேயே எல்லோர் காதிலும் விழும்படி உண்மையைப் போட்டு உடைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். தங்கையிடம் மட்டும் முதலில் சொல்லிவிடலாம் என்று நேராக அடுப்படிக்குப் போனேன்.

"அந்த வீடு என்னோடது இல்லத்தா. நான் கீழ..."

"தெரியும்ணே," என்றாள். வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "கீழ் ரூம்ல வாடகைக்கு இருக்கீக. மதினி போன்ல எப்பவோ சொல்லிருச்சு."

"தெரிஞ்சும் பேனர் வைக்க விட்டியா? உனக்கு அறிவு இருக்கா?"

கத்திவிட்டேன். அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"மெதுவாப் பேசு. இவரு முன்னெல்லாம் கை நீட்டுவாரு. நீ அங்க போய், அந்த வீட்டு போட்டோவ அனுப்புனதுல இருந்து தொடல. அத்தையும் வாயக் குறைச்சுக்கிருச்சு. இவ அண்ணன் பெரிய ஆளுன்னு ஒரு பயம்."

இத்தனை வருஷமாக வாரம் தவறாமல் வீடியோ காலில் பேசியிருக்கிறேன். ஒரு தடவைகூட அவள் மூச்சு விட்டதில்லை. வெளியே மாப்பிள்ளை யாரிடமோ சிரித்துப் பேசும் சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்போடு சேர்த்து அவன் சட்டையைப் பிடிக்க வேண்டும் என்று கதவுப் பக்கம் திரும்பினேன். தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ சண்ட போட்டுட்டு பிளேன் ஏறிருவ. நான் இங்கதான இருக்கணும்?"

வெளியே போனேன். மேளத்துக்குச் சொன்னேன். ரெண்டு டெம்போ பேசினேன். பீரோ, பாத்திரம், பழம் என்று ஏற்றி, கையிலிருந்த கார்டை நான்கு கடையில் தேய்த்தேன். வரும் குளிர்காலம் முழுக்க எங்கள் வீட்டில் ராத்திரிக்கும் ரொட்டிதான். என் தங்கை உடம்பில் அடி விழாமல் இருக்கக் கொடுக்கிற காசுக்கு இந்த நாட்டில் பேர் சீர்.

காதுகுத்து அன்றைக்குத் தாய்மாமன் மடியில் குழந்தையை உட்காரவைத்தார்கள். மாப்பிள்ளை பக்கத்திலேயே நின்றார். ஆசாரி ஊசியை எடுக்கும்போது மாப்பிள்ளையின் பெரியப்பா, வாசலிலும் கட்டியிருந்த அதே பேனர் பக்கம் கை காட்டிக் கேட்டார்.

"தம்பி, அது எத்தன மாடி?"

"மூணு மாடிங்கய்யா. கீழ இருக்கிறத வாடகைக்கு விட்டிருக்கு. நம்ம மதுரைக்காரன்தான் குடும்பத்தோட இருக்கான்."

"அம்புட்டுப் பெரிய வீட்ல நீங்க மூணு பேருதானா?"

நான் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன்.

"மேல ஒரு ரூமை என் தங்கச்சிக்குன்னே வச்சிருக்கேன். அவ ஒரு போன் போட்டாப் போதும், டிக்கெட் அனுப்பிருவேன். என்ன மாப்ள?"

அவர் சிரிக்கவில்லை. கூட்டத்துக்குப் பின்னால் நின்ற தங்கை என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். குழந்தை வீறிட்டு அழுதது. ஆசாரி அடுத்த காதைப் பிடித்தார்.