எந்த நரம்பு, மிஸ்?

றீற்றாவை ஓர் இடத்தில் உட்கார வைத்துப் பேசுவது லேசான காரியமில்லை. கண்டி திருகோணமலை வீதியில், ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் இருக்கும் பல் கிளினிக்கில் அவள் வேலைக்குச் சேர்ந்து இருபத்திரண்டு வருடமாகிறது. வரவேற்பு மேசைக்குப் பின்னால் அவளுக்கென்று ஒரு கதிரை உண்டு. அதில் அவளைவிட அவளுடைய கைப்பைதான் அதிக நேரம் உட்கார்ந்திருக்கும். தோளுக்கும் காதுக்கும் நடுவே டெலிபோனை இடுக்கிக்கொண்டே கருவிகளைக் கழுவுவாள். கழுவிக்கொண்டிருக்கும்போதே அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிடுவாள். "உனக்குக் காலில சக்கரம் கட்டித்தான் ஞானஸ்நானம் குடுத்திருக்காங்க" என்பார், தபால் கந்தோரில் வேலை பார்க்கும் அவளுடைய கணவர் றெஜினோல்ட்.

வத்தேகமைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கராக இருந்த பஸ்தியாம்பிள்ளையின் மூத்த மகள் அவள். நேர்ஸாக வேண்டும் என்று ஆசைப்பட்டாள். பரீட்சையில் ஒரு பாடம் காலை வாரிவிட்டது. கொஞ்ச நாளைக்கு என்று நினைத்துத்தான் கிளினிக்கில் நுழைந்தாள். அந்தக் காலத்தில் அங்கே இரண்டே வேலைதான்: ஒன்று பல்லை அடைப்பது, இல்லாவிட்டால் பிடுங்குவது. இன்றைக்கு எக்ஸ்ரே கண்மூடித் திறப்பதற்குள் கொம்பியூட்டரில் வந்துவிடுகிறது. பேனாவைவிடக் கொஞ்சம் தடிப்பான ஒரு கெமராவை வாய்க்குள் சுற்றிக் காட்டினால், பல்வரிசை முழுவதும் நிறத்தோடு திரையில் எழுந்து நிற்கிறது. வேரின் நுனியை ஊசி தொட்டதும் 'பீப்' என்று சத்தம் போட்டுச் சொல்லும் சின்ன மெஷினும் வந்துவிட்டது.

இவற்றின் பெயர்களெல்லாம் இங்கிலீஷில் வரும். டொக்டர் நதீஷா அவற்றைச் சிங்களத்தில் விளக்குவார். மலையிலிருந்து இறங்கி வரும் தமிழ்ச் சனங்களுக்கு அவை றீற்றாவின் வாய் வழியாகத்தான் போய்ச் சேரவேண்டும். அதற்கென்று அவளுக்கு யாரும் பயிற்சி கொடுத்ததில்லை. தனக்கு விளங்கியதைத் தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லுவாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை தனபாலன் வந்தார். மடுல்கெல்லைப் பக்கத்துத் தோட்டமொன்றில், ஃபெக்டரியில் தேயிலைத்தூள் காயவைக்கும் மெஷினைப் பார்த்துக்கொள்பவர். நாற்பத்தெட்டு வயது. கீழ்த்தாடையைக் கையால் தாங்கிப் பிடித்தபடி படியேறினார்.

"தூங்கி மூணு நாளாச்சு மிஸ். புடுங்கிவிட்டுருங்க."

எக்ஸ்ரேயில் கடைவாய்ப் பல்லின் வேருக்குக் கீழே கறுப்பாக ஒரு நிழல் தெரிந்தது. பல்லைப் பிடுங்கத் தேவையில்லை, காப்பாற்றலாம் என்றார் டொக்டர் நதீஷா. உள்ளே அழுகியதைச் சுத்தம் செய்து, மருந்து வைத்து, அடுத்த கிழமை வேரை நிரப்பி, பிறகு மேலே தொப்பிபோல ஒரு கேப் போடலாம். இதுவரைக்கும் றீற்றா ஒழுங்காகத்தான் சொன்னாள். தனபாலனும் தலையாட்டிவிட்டுக் கதிரையில் சாய்ந்தார். மரத்துப்போக ஊசி போட்டார்கள். பல்லை மட்டும் வெளியே விட்டு, வாயை மூடி நீல நிற ரப்பர் தாளொன்றை விரித்தார்கள். எச்சில் பல்லுக்குள் போகக்கூடாது என்பதற்காக அது. மெஷின் பீப் என்றபோது அவர் ஒரு தரம் திடுக்கிட்டார். ஒரு மணித்தியாலத்தில் வேலை முடிந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு தாய் அழுதுகொண்டே படியேறி வந்தாள். கையில் சிறுமி. விழுந்து முன்பல் உடைந்து, சட்டையெல்லாம் இரத்தம். றீற்றாவின் வாய் தனபாலனோடு பேசியது. கால்கள் ஏற்கனவே வாசல் பக்கம் திரும்பிவிட்டன.

"நரம்ப எடுத்தாச்சுண்ணே. மிச்சத்த அடுத்த செவ்வாக்கெழம எடுப்பாங்க. அந்தப் பக்கத்தால சாப்பிடாதீங்க."

"எந்த நரம்பு, மிஸ்?" மரத்த நாக்கு குழறியது.

"பல்லு நரம்புதாண்ணே. பயப்படாதீங்க."

சொல்லி முடிப்பதற்குள் அவள் சிறுமியிடம் போய்விட்டாள். உதடும் நாக்கும் மூன்று நான்கு மணித்தியாலம் மரத்திருக்கும், பிறகு தானாகச் சரியாகிவிடும் என்று எல்லோருக்கும் சொல்லும் பாடத்தை அன்றைக்கு அவள் சொல்லவேயில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு வரவேண்டிய தனபாலன் வரவில்லை.

"நோவு போயிருக்கும். நோவு போனால் வரமாட்டார்கள்" என்று டொக்டர் சிங்களத்தில் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடச் சொன்னார். அது உண்மைதான். அப்படி வராமல் போனவர்கள் எத்தனையோ பேர். ஆனாலும் றீற்றாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவர் கொடுத்த நம்பருக்கு அடித்துப் பார்த்தாள், போன் வேலை செய்யவில்லை. பகல் சாப்பாட்டுக்கு முன்னும் அடித்தாள், பின்னும் அடித்தாள். கருவிகளைக் கழுவும்போது அந்தக் குழறல் காதில் கேட்டது. வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேனா என்று யோசித்துப் பார்த்தாள். சொன்னதாக ஞாபகம் வரவில்லை.

"வராதவர நெனச்சு நீ ஏன் வேகுற? கிளினிக் உன்னோடதா?" என்று அன்றிரவு வீட்டில் கேட்டார் றெஜினோல்ட். துடைத்த மேசையையே அவள் மறுபடி துடைத்தாள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் எடுபட்டது. பேசியது தனபாலனின் மனைவி கமலம்.

"அவருக்கு மொகம் வீங்கியிருக்குங்க. நேத்துலருந்து காய்ச்ச. வெந்நித்துணி வச்சு ஒத்தடம் குடுக்கிறோம்…"

"ஏன்க்கா திருப்பிக் கூட்டிட்டு வரல?"

"அவரு வரமாட்டேங்கிறாரு. நரம்ப எடுத்து வாயக் கோண வச்சிருவாங்கன்னு…"

அதோடு லைன் அறுந்தது. திரும்ப அடித்தபோது போன் மறுபடியும் செத்துக் கிடந்தது.

டொக்டர் நதீஷா கையுறையைக் கழற்றிக்கொண்டே நான்கு கேள்வி கேட்டார். வீக்கம் கன்னத்திலா, தாடைக்குக் கீழேயா? வாய் திறக்க முடிகிறதா? எச்சில் விழுங்க முடிகிறதா? மூச்சு எப்படி? லைன் அறுந்ததில் றீற்றா ஒன்றையும் கேட்டிருக்கவில்லை.

"வீக்கம் கழுத்துக்கு இறங்கினால் விளையாட்டில்லை றீற்றா. மூச்சுக்குழாயை அமுக்கிவிடும். இங்கே கொண்டுவந்து பிரயோசனமில்லை. நேராகப் பேராதனைப் பெரிய பல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள்."

"யாருக்கிட்டச் சொல்றது டொக்டர்? போன் வேலை செய்யல."

றீற்றா கதிரையிலிருந்த கைப்பையை எடுத்தாள்.

வத்தேகமை போகும் வரைக்கும் பஸ் ஊர்ந்தது. வத்தேகமையில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு இருபத்தைந்து நிமிடம் நின்றாள். நின்றாள் என்று சொல்வதற்கில்லை, சந்தைக்கும் பஸ்ஸுக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தாள். பன்விலைக்கு மேலே வளைவுக்கு வளைவு பஸ் மூச்சு வாங்கியது. ஒவ்வொரு தரிப்பிலும் யாராவது மூட்டையோடு ஏறினார்கள். இறங்கி முன்னால் ஓடினால் சீக்கிரம் போய்விடலாம் போலிருந்தது அவளுக்கு. எச்சில் விழுங்க முடிகிறதா, எச்சில் விழுங்க முடிகிறதா என்று மனது ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டது. தான் விழுங்கிப் பார்த்தாள்.

தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டி நின்ற வீடுகளில் அவருடையதைக் காட்டிவிட்டது கொழுந்து பறிக்கும் ஒரு பெண். உள்ளே கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார் தனபாலன். வலது தாடை பந்துபோலப் பருத்து, தோல் பளபளத்தது. றீற்றாவைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மிஸ், நான் வரமாட்டேன்." பல்லிடுக்கு வழியாகத்தான் பேச்சு வந்தது. வாய் ஒரு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை.

"வரவேணாம். மொதல்ல சொல்லுங்க, என்ன நடந்துச்சு?"

கமலம்தான் சொன்னாள். அன்றைக்குக் கிளினிக்கிலிருந்து திரும்பும் வழியில், வத்தேகமையில் தேத்தண்ணி குடித்திருக்கிறார். பாதி, வாய்க்கடையால் ஒழுகிச் சட்டையில் கொட்டியிருக்கிறது. கடைக்காரன் சிரித்திருக்கிறான். கண்ணாடியில் பார்த்தால் உதடு ஒரு பக்கம் தொங்குகிறது. சிரித்துப் பார்த்தார், பாதி முகம்தான் சிரித்தது. நரம்பை எடுத்தாச்சு என்று மிஸ் சொன்னதும், மிச்சத்தை அடுத்த கிழமை எடுப்பார்கள் என்று சொன்னதும் அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்கிறது.

"சாயந்தரம் சரியாப் போயிருச்சுங்க" என்றாள் கமலம். "ஆனா மிச்சத்தையும் எடுத்தா திரும்பி வராதுன்னு பயந்துட்டாரு. பல்லுல வச்ச மருந்தும் நாலாம் நாளு கழண்டு விழுந்துருச்சு."

றீற்றாவுக்கு முகம் சூடாகியது. அங்கே உட்கார ஒரு கதிரை இருந்தது. அவள் உட்கார்ந்தாள்.

"அண்ணே, தப்பு என்னோடது. அன்னைக்கு நான் அவசரத்துல பேசிட்டுப் போயிட்டேன். ஒதடு தொங்குனது ஊசியால. எல்லாருக்கும் தொங்கும், நாலு மணித்தியாலத்துல சரியாயிரும். நாங்க எடுத்தது மொகத்து நரம்பு இல்ல. பல்லுக்கு உள்ள, வேருக்குள்ள, நூலு மாதிரி ஒரு சதை இருக்கு. அது பல்லு அரிச்ச சூத்தையில அழுகிப்போச்சு. அழுகுனத எடுத்துட்டு, அந்தக் குழியக் கழுவி மருந்து வச்சாங்க. அடுத்த கெழம வந்திருந்தா நல்லா நெரப்பி மூடியிருப்பாங்க. வாய் கோணாது."

தனபாலன் வீங்கிய தாடையைத் தடவிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"அப்ப பைப்பு அடச்சா கழட்டிக் கழுவி, மூடிபோட்டு இறுக்குற மாதிரியா?"

"அதேதாண்ணே. மூடி கழண்டதால திரும்ப அழுக்குப் பூந்துருச்சு. எச்சி முழுங்க முடியுதா?"

முழுங்கிக் காட்டினார். கண்ணில் நீர் வந்தது. றீற்றா எழுந்துவிட்டாள்.

"இனிமே பேச நேரமில்ல. த்ரீவீல் இருக்கா இங்க?"

கணேஸ் என்ற பக்கத்து வீட்டுக்காரரின் த்ரீவீலில் மூவரும் இறங்கினார்கள். நடுவில் தனபாலன், இரண்டு பக்கமும் பெண்கள். "மூச்சு எப்படி?" என்று பத்து நிமிடத்துக்கொரு தரம் றீற்றா கேட்டுக்கொண்டே வந்தாள். கட்டுகஸ்தோட்டையில் வாகன நெரிசல் பிடித்தபோது கணேஸின் தோளைத் தட்டி, "ஹோன் அடிங்கண்ணே, அடிங்க" என்று சத்தம் போட்டாள்.

பேராதனைப் பல் வைத்தியசாலையில் அவரை நேராக உள்ளே எடுத்தார்கள். ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, சீழ் நாக்குக்கு அடியில் பரவத் தொடங்கியிருந்தது. தாடைக்குக் கீழே கீறிச் சீழை வடித்தார்கள். அந்தப் பல்லையும் எடுக்க வேண்டியதாயிற்று. இன்னும் ஒரு நாள் போயிருந்தால் கழுத்தில் துளைபோட்டு மூச்சு விடவைக்க வேண்டி வந்திருக்கும் என்று சொன்ன இளம் டொக்டரின் சிங்களத்தைக் கமலத்துக்குத் தமிழில் சொல்லும்போது றீற்றா இடையில் நிறுத்திவிட்டாள். கமலம் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

ஆறு நாள் வார்டில் இருந்து வீடு போனார் தனபாலன்.

பேராதனைக்குப் போய்வந்த மறுநாளே கிளினிக்கில் றீற்றா டொக்டர் நதீஷாவிடம் ஒன்றும் மறைக்கவில்லை. காப்பாற்றியிருக்கக்கூடிய பல், தன்னுடைய அரை நிமிட அவசரத்தால் போனது என்றாள். டொக்டர் ஆறுதல் சொல்லவில்லை.

"அவர் என்னையும்தான் பார்த்தார். ஏதோ கேட்க நினைக்கிற முகம் என்று தெரிந்தது. எனக்கும் அடுத்த ஆள் காத்திருந்தார்" என்றார். அன்றிலிருந்து நோயாளியை அனுப்ப முன் ஐந்து நிமிடம் ஒதுக்குவதென்று இருவரும் பேசிக்கொண்டார்கள். சில நாள் அது நடக்கும், சில நாள் நடக்காது. நடக்காத நாளில் றீற்றா படியிறங்கி வீதிவரைக்கும் பின்னால் ஓடுவாள்.

அவள் ஒரு புது வழக்கத்தையும் பிடித்துக்கொண்டாள். எல்லாம் சொல்லி முடித்த பிறகு, "இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்க, இன்னைக்கு என்ன செஞ்சாங்க?" என்று கேட்பாள். சிலர் கோபித்தார்கள். ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர், "என்னம்மா, பரீட்சை வைக்கிறீங்களா?" என்றார். ஆனால் இம்பிளான்ட் என்றால் செத்தவர்களின் பல்லை எடுத்து வைப்பது என்று நினைத்திருந்த ஒரு அம்மாவை அந்தக் கேள்விதான் பிடித்துக் கொடுத்தது. அது எலும்புக்குள் இறக்கும் டைட்டேனியம் ஆணி, எலும்பு அதைப் பிடித்துக்கொள்ள மூன்று நான்கு மாதம் காத்திருந்து அதற்குமேல் பல்லைப் பொருத்துவார்கள் என்று றீற்றா கையால் படம் போட்டுக் காட்டினாள்.

இரண்டு மாதம் கழித்துத் தனபாலன் கமலத்தோடு வந்தார். தாடைக்குக் கீழே மெல்லிய தழும்பு. பேனா கெமராவை டொக்டர் வாய்க்குள் சுற்றியபோது, தன் பல்வரிசை திரையில் துண்டு துண்டாக எழுவதைக் கண் இமைக்காமல் பார்த்தார். பல் போன இடம் வெறுமையாகக் கிடந்தது. அதற்கு என்னென்ன செய்யலாம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, இப்போதைக்கு எதுவும் வேண்டாம் என்றார். டொக்டர் மேல்வரிசையில் இன்னொரு பல்லைச் சுட்டிக் காட்டினார். அதிலும் சூத்தை ஆழமாக இறங்கியிருந்தது. நிரப்பலோடு நிற்காது, வேர்ச் சிகிச்சைதான் செய்யவேண்டி வரும்.

றீற்றா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எத்தன தரம் வரணும்?" என்று கேட்டார் தனபாலன்.

"ரெண்டு. சில நேரம் மூணு."

"ஊசி போட்டா எவ்வளவு நேரம் ஒதடு தொங்கும்?"

"இது மேல் பல்லு, அவ்வளவு தொங்காது. ரெண்டு மூணு மணித்தியாலம் மரத்திருக்கும். அதுவரைக்கும் சூடா ஒண்ணும் குடிக்காதீங்க."

அவர் மனைவியைப் பார்த்தார். கமலம் கைப்பையை மடியில் வைத்துச் சுவரோரம் உட்கார்ந்தாள். தனபாலன் கதிரையில் சாய்ந்து வாயைத் திறந்தார். இரண்டாவது தவணைக்கு, குறித்த நேரத்துக்கு முக்கால் மணித்தியாலம் முன்னதாகவே வந்து, கிளினிக் திறக்கும் வரைக்கும் துணிக்கடை வாசலில் நின்றார். அந்தப் பல் இன்றைக்கும் அவர் வாயில் இருக்கிறது.