டம்ளருக்கு மெத்தை

எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், டீ டம்ளருக்கு அடியில் நூலால் பின்னிய ஒரு வட்டம் வைப்போம். மொத்தம் பதினொன்று இருக்கின்றன. எல்லாம் என் அப்பா ஜெயவேல் போட்டவை. கடையில் இதைக் கோஸ்டர் என்கிறார்கள். எங்கள் குப்பத்தில் அதற்கு வேறு பெயர் உண்டு.

அப்பா இருபத்து நாலு வருஷம் விசைப்படகில் கடலுக்குப் போனவர். போன ஜனவரியில் வலையை ஏற்றும்போது, அதை இழுக்கும் விஞ்ச் எந்திரத்தின் கயிற்றில் அவருடைய வலது கை சிக்கிக்கொண்டது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நொறுங்கிப்போயின. கம்பி வைத்துச் சேர்த்தார்கள். கம்பியை எடுத்தபோது இரண்டு விரலும் இருந்தன, மடங்கத்தான் மறுத்தன. இடது கையில் ஸ்பூன் பிடித்து, சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டார்.

படகில் யார் ஏறலாம் என்று முடிவு செய்கிறவர் அதன் டிரைவர் பாஸ்கர். அப்பா கடலுக்குப் போக ஆரம்பித்த அதே வருஷம் தானும் போக ஆரம்பித்தவர். பார்க்க வந்தவர் சுற்றி வளைக்கவில்லை.

“ஜெயா, தடைக்காலம் முடியிற வரைக்கும் உன் எடம் உன்னுதுதான். ஜூன்ல வருவேன். வலை ஊசி புடிக்கிற கையா இருந்தா ஏறு. இல்லாங்காட்டி வேற ஆளு. நடுக்கடல்ல உன்ன ஒருத்தன் பாத்துக்கினு இருக்க முடியாது.”

விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போகக் கூடாத தடைக்காலம் அறுபத்தொரு நாள். ஏப்ரல் பாதியில் தொடங்கி ஜூன் பாதியில் முடியும். அப்பாவுக்கு இருந்த அவகாசம் அவ்வளவுதான். அது தப்பினால் இன்னொரு வேலை தயாராக இருந்தது. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் மாமா ஒரு வாட்ச்மேன் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். அம்மா மங்கைக்கு அதில்தான் விருப்பம்.

“நாற்காலி போட்டு உக்கார வெக்கிறாங்க. கசக்குதா?” என்றாள்.

“கசக்குது” என்றார் அப்பா.

ஆஸ்பத்திரியில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்லியிருந்தார்கள். மூன்று நாள் அமுக்கினார். நாலாம் நாள் அது தெருநாயின் வாயில் இருந்தது. “எவ்ளோ அமுக்கினாலும் கைல ஒண்ணும் வர்ல. வேலைன்னா முடிச்சதும் எதுனா கண்ணுல தெரியணும்” என்றார்.

பக்கத்து வீட்டு எல்சி அக்கா குரோஷா போடுவார். சின்னக் கொக்கி வைத்த ஊசியால் மேசை விரிப்பு, கதவுத் தோரணம் என்று எதையாவது பின்னிக்கொண்டே இருப்பார். அப்பா ஒருநாள் அவர் வாசலில் நின்று வெகுநேரம் பார்த்தார். அந்த விரல்கள் மடங்கி நீள்வதைத்தான் பார்த்திருக்கிறார்.

“எல்சி, இத்துல எது சீக்கிரம் முடியும்?”

“டம்ளருக்கு அடியில வெக்கிறது. யாருக்குண்ணா?”

“எனுக்குதான்.”

எல்சி அக்கா சிரிக்கவில்லை. தடித்த பருத்தி நூலில் ஒரு கண்டும் ஓர் ஊசியும் கொடுத்தார். சிரித்தது மற்றவர்கள். அப்பா வாசலில்தான் உட்கார்ந்து பின்னினார். தெருவில் போகிறவர்கள் சும்மா போகவில்லை.

“இன்னா மாமு, மவளுக்குச் சீர்வரிசையா?”

“ஆமா. உனுக்கும் ஒரு கௌனு போடவா?”

அம்மாதான் பெயர் வைத்தாள். “படுக்க நல்ல பாய் இல்ல, டம்ளருக்கு மெத்தை போட்டுகினு கீறாரு.” அதுவே குப்பம் முழுக்கப் பரவிவிட்டது.

முதல் மெத்தை முடிய ஒன்பது நாள் ஆனது. ஊசியைக் கத்திபோல முஷ்டியில்தான் பிடிக்க முடிந்தது. கொக்கியில் மாட்டிய வளையம் வெளியே வருவதற்குள் நழுவிவிடும். மறுபடி மாட்டுவார். முடித்ததைப் பெருமையாகத் தரையில் வைத்து அதன்மேல் டீயை வைத்தார். டம்ளர் ஆடி, சாய்ந்து, கொட்டியது. எல்சி அக்கா அதைத் தடவிப் பார்த்தார். கூழாங்கல் பரப்பியதுபோல இருந்தது. வலைக்காரர் அல்லவா, ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு முடிச்சுப் போட்டு இறுக்கியிருக்கிறார்.

“ஐயோ அண்ணா, இத்துல முடிச்சே கெடையாது. ஒரு வளையத்துக்குள்ள இன்னொரு வளையம். அவ்ளோதான்.”

“அப்ப இழுத்தா?”

“கடைசில நூல வெட்டி இறுக்குற வரைக்கும், இழுத்தா பூரா வந்துரும்.”

“அய்ய! கடல்ல போட்டா ஒத்த இறா போதும், வலையவே கயட்டி வுட்டுரும்.”

ஆனால் மறுநாள் முடிச்சில்லாமல் ஆரம்பித்தார். முடிச்சில்லாமலும் நிற்கும் என்ற நம்பிக்கை அவர் கைக்கு எளிதில் வரவில்லை. முடிச்சை இறுக்க மொத்தக் கையும் போதும். வளையத்தைத் தளர்வாக விட்டுப் பிடிக்க இரண்டு விரலும் தனித்தனியாக அசைய வேண்டும். கணக்குத் தப்பினால் ஓரம் எழும்பிக் கிண்ணமாகிவிடும். பிரித்துவிட்டு மறுபடி போடுவார். மே மாத வெயிலில் வியர்வை சொட்டி, நூல் பழுப்பேறியது. மாதக் கடைசியில் ஊசி முஷ்டியிலிருந்து விரல் நுனிக்கு வந்துவிட்டது, பேனா பிடிப்பதுபோல. இரண்டு நாளைக்கு ஒன்று முடித்தார்.

அந்த நாட்களில் நான் பி.காம். முடித்துவிட்டு இன்டர்வியூக்களுக்கு அலைந்துகொண்டிருந்தேன். ஓரிடத்தில் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். “ஹார்பர்ல இருக்காரு” என்றேன். கேட்டவர் அலுவலக வேலை என்று எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் சொன்னேனா? இன்னும் எனக்குத் தெரியவில்லை. அன்று வீடு திரும்பியபோது அப்பா வாசலில் ஒரு மெத்தையைப் பிரித்துக்கொண்டிருந்தார், ஐந்தாவது முறையாக.

தடைக்காலம் முடிய மூன்று நாள் இருக்கும்போது, ஒரு சாயங்காலம் பாஸ்கர் வந்தார். அப்பா பின்னுவதை நிறுத்தி எழுந்தார். அம்மா டீ போட்டாள். டம்ளரோடு மெத்தையை வைப்பதா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு பிடிவாதமாக, கைக்குக் கிடைத்த ஒன்றை எடுத்து அவர் முன்னால் ஸ்டூலில் வைத்தேன். அது அப்பா அப்போதுதான் வைத்துவிட்டு எழுந்த முடியாத மெத்தை என்பதைக் கவனிக்கவில்லை.

பாஸ்கர் டீயைக் கையில் எடுத்துக்கொண்டு மெத்தையைப் புரட்டிப் பார்த்தார். “இதான் அந்த மெத்தையா?” கடலுக்குப் போகிறவர்கள் எந்தக் கயிற்றைப் பார்த்தாலும் செய்வதைத்தான் அவரும் செய்தார். நுனியைப் பிடித்து வெடுக்கென்று ஓர் இழுப்பு. கயிறு நிற்கிறதா என்று பார்க்கிற இழுப்பு.

சர்ரென்று மூன்று சுற்று பிரிந்து விழுந்தது.

“இன்னா ஜெயா, நிக்கலியே?”

அம்மா என்னைப் பார்த்தாள். என் தப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அப்பா கையை நீட்டினார்.

“குடு.”

சட்டைப்பையிலிருந்து ஊசியை எடுத்தார். பிரிந்த இடத்தில் நின்றுபோயிருந்த வளையத்தில் கொக்கியை மாட்டினார். ஒரு வளையம், அதற்குள் இன்னொன்று. ஒருமுறை நழுவியது. அவசரப்படாமல் திரும்ப மாட்டினார். பாஸ்கர் நூலைப் பார்க்கவில்லை, விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த டீயில் ஆடை படிந்தது.

ஒரு சுற்று முடிந்தபோது கேட்டார். “நடுவெரல் முழுசா மடங்குதா?”

“முக்கா.”

“ஈரத்துல, குளிர்ல?”

“தெர்ல. போய்ப் பாத்தாத்தான் தெரியும்.”

பொய் சொல்லியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. பாஸ்கர் ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

“விஞ்ச் பக்கம் வரக் கூடாது. வலை வேலை மட்டும் பாரு. நாளைக்கு காசிமேட்டுக்கு வா, வலை கிழிஞ்சி கெடக்குது. உன் ஊசிய எடுத்துகினு வா. இத்த இல்ல, வலை ஊசி.”

“வரேன்.”

அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். பாத்திரங்களை வேண்டுமென்றே சத்தமாக அடுக்கினாள்.

வாசலில் செருப்பை மாட்டியபடி பாஸ்கர் திரும்பினார். “அப்பால, எனுக்கு ஒரு ஆறு போட்டுக் குடு. டீப்பாய் மேல டம்ளர் வெச்சா எங்க வூட்டுல பேஜார் பண்றா.”

“கரைக்கு வந்தப்பறம்தான். இப்ப டைம் இல்ல.”

அப்பா அந்த ஒரு சுற்றோடு நூலை வெட்டி இறுக்கிவிட்டு, வலை ஊசியைத் தேட எழுந்தார். மற்ற இரண்டு சுற்றைப் பிறகும் போடவில்லை. பதினொன்றில் அதுதான் சிறியது, டம்ளரின் அடி அதற்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கடலிலிருந்து வந்து டீக்கு உட்காரும்போது அவர் அதைத்தான் கேட்டு வாங்கிக்கொள்கிறார்.