பொறியை விட்டு இறங்கியவர்

மிதக்கும் மரத்தடிகளின் வெளி விளிம்பில் கால்களைத் தொங்கவிட்டு, ஆம்ப்ரோஸ் தூண்டில் போட்டுக்கொண்டிருப்பார். அவர் முதுகுக்குப் பின்னால், கடலில் கட்டிய மீன்பொறியின் வலைக்குள் சால்மன் மீன்கள் கூட்டங்கூட்டமாகச் சுற்றி வரும். அதில் ஒன்றைக்கூடத் தொடமாட்டார்.

"அது சியாட்டில்காரன் மீன். எனக்குப் பாறைமீன் போதும்" என்பார். அது அகப்படாத நாளில் வெறும் உருளைக்கிழங்குதான்.

பொறிக்குக் காவல்காரர் அவர்; கோடை முழுவதும் அதன்மேல் கட்டிய பலகைக் குடிசையில் வாசம். ஆறு தேடி வரும் மீனை வேலிவலை மறித்து உள்ளே தள்ளும். பொறிக்குச் சொந்தமான சியாட்டில் டின் மீன் கம்பெனியின் படகு வந்து அள்ளிப்போகும். அலாஸ்காவுக்குத் தெற்கே இருப்பதெல்லாம் எங்கள் பேச்சில் 'வெளியே'. ஆம்ப்ரோஸ் அதையும் விடமாட்டார்: "மொதலாளி வெளியே. மீனும் வெளியே போகுது. சட்டம் போடுறவனும் வெளியே. உள்ளே இருக்கிறது நானும் கடல்நாயும்தான்."

பொறியில் மீன் திருட வரும் படகுக்காரர்கள் விஸ்கிப் புட்டியை நீட்டி, கொஞ்சம் தூங்கச் சொல்வார்கள். "தூக்கம் வரலப்பா" என்று துப்பாக்கியை மடியில் வைத்துக்கொள்வார்.

ஆம்ப்ரோஸின் மனைவிக்கு அண்ணன் சைரஸ் சுருக்குவலைப் படகு வைத்திருந்தார். பொறிக்குத் தப்பிய மீன்தான் அவருக்கு. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் குரல் கொடுப்பார்:

"என்ன மாப்பிள்ளை, என் மீனெல்லாம் சௌக்கியமா?"

"உன்னைத்தான் விசாரிச்சுது மச்சான்."

ஐம்பத்தெட்டு ஆகஸ்டில் வாக்கெடுப்பு வந்தது. அலாஸ்கா அமெரிக்காவின் ஒரு மாநிலமாகச் சேரலாமா, வேண்டாமா? மாநிலமானால் மீன்பொறிகளுக்குத் தடை என்பது ஏற்கெனவே மக்கள் முடிவு செய்திருந்த விஷயம். வாக்குப் போடும் நாளில் பொறியை விட்டு இறங்கும் காவல்காரனுக்கு இனி வேலையில்லை என்று கம்பெனி மேற்பார்வையாளர் சொல்லியனுப்பினார். ஆம்ப்ரோஸ் இறங்கினால் எப்படியும் வேலை போகும். வாக்குத் தோற்றாலோ, வேலை போனபிறகும் பொறி அங்கேயே நிற்கும்.

அன்று காலை சைரஸ் தம் வாக்கைப் போட்டுவிட்டுப் பொறிக்கு வந்தார். அவரிடம் வலை இழுக்கும் வேலையில் இருந்த நானும் அந்தப் படகில் இருந்தேன். ஆம்ப்ரோஸ் தலைவாரித் தயாராக நின்றார்.

"மச்சான், நீ இறங்கு. படகைக் குடு. நான் வர்றவரைக்கும் பொறி உன் பொறுப்பு."

"நானா? என் வலை காலியாக் கிடக்கு மாப்பிள்ளை."

"தெரியும். அதுக்குத்தானே போறேன். ஒரு மீன் குறையக் கூடாது."

"நாளைக்கு நீ என் படகுக்குத்தான் வரணும். வலை இழுக்கத் தெரியுமா உனக்கு?"

"கத்துக்கிறேன்."

பள்ளிக்கூடத்தில் வாக்குப் போட்டுவிட்டு, யாரோடும் நின்று பேசாமல் திரும்பினார். பொறியில் சைரஸ் துப்பாக்கியும் கையுமாக நின்றிருந்தார்.

"ரெண்டு பேர் வந்தானுங்க. விரட்டிட்டேன். ரெண்டும் என் கூட்டாளிங்க. இனி ஊர்ல எப்படித் தலை காட்டுவேன்?"

ஆம்ப்ரோஸ் சிரித்தார். அதற்குள் கம்பெனிப் படகு முனையைச் சுற்றி வருவது தெரிந்தது.

"நாங்க கிளம்பிடறோம்" என்றார் சைரஸ் அவசரமாக. "நீ இறங்கவே இல்லேன்னு சொல்லிடு."

"இறங்கினேன்னுதான் சொல்லுவேன். 'ஆமா'ன்னு போட்டேன்னும் சொல்லுவேன்."

வேலிவலையில் ஓரிடம் கிழிந்திருந்தது. காலையில் கடல்நாய் கடித்தது போலிருக்கிறது. கம்பெனிப் படகின் சத்தம் நெருங்கிக்கொண்டிருக்க, ஆம்ப்ரோஸ் மிதக்கும் மரத்தடியின்மேல் மண்டியிட்டு, கிழிசலை மடிக்கு இழுத்து, நூல் கோத்த வலையூசியால் முதல் முடிச்சைப் போட்டார்.