கொன்ஸ்தாந்திநோப்பிளில் இருந்து குரோருட்டுக்கு ஒரு நத்தார்ப் பாட்டு

டிசம்பர் 27. பிற்பகல் இரண்டு மணிக்கு இஸ்தான்புல்லில் இருந்து ஒஸ்லோவில் இறங்கினேன். துரொண்ட்ஹெய்மில் இருக்கும் என் வீட்டுக்கு மறுநாள்தான் ரயில். அன்றிரவு ஒஸ்லோவின் புறநகரான குரோருட்டில் பள்ளித் தோழன் நேசனிடம் தங்கல். விமான நிலையத்திலிருந்து ஐம்பது கிலோமீற்றர் நகரத்துக்கு வந்து, வந்த திசையிலேயே பத்துக் கிலோமீற்றர் திரும்பிப் போக வேண்டும். எரிச்சல் பிடித்த பாதை.

போன வீடும் சந்தோஷமான வீடு இல்லை. நேசனின் மகன் அரன் படிப்பை இடையில் விட்டான். அதனால் வந்த சண்டையில் வீட்டையும் விட்டான். திராமன் நகரில் இருப்பதாகக் கேள்வி. தொலைபேசியை எடுப்பதில்லை. நேசன் பாதியாகிப் போயிருந்தான். மனைவி மலர் முதியோர் இல்லத்தில் மாலை வேலைக்குப் போயிருந்தாள்.

பேச்சை மாற்ற நான் பயணக் கதையை எடுத்தேன். இஸ்தான்புல் பேரரசின் தலைநகராக, கொன்ஸ்தாந்திநோப்பிளாக இருந்த காலத்தில், நத்தார் என்னும் கிறிஸ்துமஸ் விருந்தில் தோல் போர்த்து முகமூடி போட்டவர்கள் வடக்கத்தி இனமொன்றின் பாட்டைப் பேரரசர் முன் பாடி ஆடினார்களாம். எழுதி வைத்த சொற்கள் இன்று ஒருவருக்கும் சரியாக விளங்கவில்லை. இங்கேயும் அதுபோல ஒன்று உண்டே என்று நேசன் யூலெபுக் வழக்கத்தைச் சொன்னான். நத்தார் முடிந்த நாட்களில் முகமூடியோடு வீடு வீடாகப் போய்ப் பாடிப் பழமோ இனிப்போ வாங்குவார்கள். வீட்டுக்காரர் ஆளைச் சரியாகச் சொன்னால் முகமூடியைக் கழற்ற வேண்டும்.

ஐந்தரைக்கு வாசல் மணி அடித்தது. மூன்று பிள்ளைகள், கூடவே ஆட்டு முகமூடியும் நீலக் கோட்டும் போட்ட நெட்டை ஆள் ஒன்று. பிள்ளைகள் நத்தார்ப் பாட்டுப் பாடினார்கள். நெட்டை ஆள் வாயே திறக்கவில்லை. நேசன் அந்தக் கோட்டையே பார்த்தான். "நாங்கள் யார்?" என்று பிள்ளைகள் கேட்டபோது ஒரு பேரும் சொல்லாமல், இருந்த தோடம்பழம் முழுவதையும் நெட்டை ஆளிடம் கொடுத்தான். கதவைச் சாத்தியதும் அழுதான்.

"அரன்தான் மச்சான். அது அவன்ர கோட். பேர் சொன்னால் வெக்கப்பட்டு இனி வரமாட்டான். அதுதான் பேசாமல் நிண்டனான்."

நானும் நம்பினேன். வேலையால் வந்த மலரிடமும் சொன்னான். அவள் சாப்பாடு சூடாக்கப் போய்விட்டாள்.

டிசம்பர் 28. குரோருட் நிலையம் வரை மலர் வந்தாள். மேடையில் ஒரு பையை நீட்டினாள். உள்ளே நீலக் கோட்.

"அண்ணை, நேற்று முகமூடியோட வந்தது மேல்மாடிக்காரி. யூலெபுக் போறவை இரவல் உடுப்புத்தானே போடுறவை. முந்தநாள் வந்து கேட்டவ, அலுமாரியில கிடந்த அரன்ர கோட்டைக் குடுத்திட்டன். அதைப் பாத்துக்கொண்டிருக்க என்னால ஏலாமல் கிடந்தது. விடிய அவர் குளிக்கேக்கை கொண்டந்து தந்தவ. நீங்கள் கொண்டு போங்கோ. அவர் கண்டால் தாங்கமாட்டார்."

வாங்கினேன். வேறென்ன செய்ய?

துரொண்ட்ஹெய்ம் ரயில் புறப்பட்டபோது நேசன் அழைத்தான். அரன் இன்றைக்கும் வருவான், இல்லையா என்று கேட்டான். பை என் மடியில் இருந்தது. ஓம் என்றேன்.