இடி வாங்கிவிட்டு மன்னிப்புக் கேட்கிறவர்கள்

இந்த ஊரில் எனக்காகக் கார் நிற்கிறது. ஹாலந்தில், உட்ரெக்ட் நகரத்தில், ஓட்டல் ஒன்றின் சலவை அறையில் எனக்கு வேலை. காலையில் சைக்கிளில் போகிற வழியில் ஒரு குறுக்குச் சாலை வரும். அங்கே தரையில் வெள்ளை முக்கோணங்கள் வரைந்திருக்கும். அவற்றைப் பார்த்து வருகிற கார், எவ்வளவு பெரிய காரானாலும், நின்று என்னைப் போகவிட்டுத்தான் நகர வேண்டும். வந்து இத்தனை வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. கார் நின்றால் நானும் நின்றுவிடுவேன். 'நீங்க போங்க' என்று கையை ஆட்டுவேன். அவர்களும் கையை ஆட்டுவார்கள். பின்னால் வருகிற பள்ளிப் பிள்ளைகள் மணியடித்தே என்னைத் திட்டித் தீர்ப்பார்கள். ஆவடி சேக்காட்டில் பிறந்தவளுக்கு, தனக்காக ஒரு கார் நிற்கிறது என்றால் அதில் ஏதோ சூது இருப்பதாகத்தான் படும்.

வந்த புதிதில் அதே இடத்தில் ஒரு கார் என்னைத் தட்டிவிட்டது. பெரிய அடியில்லை. முழங்கை சிராய்த்தது, டிபன் பாக்ஸ் திறந்து எலுமிச்சைச் சோறு ரோட்டில் கொட்டியது. காரிலிருந்து நெட்டையாக ஒரு பெரியவர் இறங்கினார். நான் எழுந்ததும் முதல் வேலையாக "சாரி சார், சாரி சார்" என்றேன். அவர் ஏதோ சொல்லிக்கொண்டே கிட்டே வந்தார். கார் நசுங்கியதற்குக் காசு கேட்பார், போலீஸ் வரும், விசா போகும், என் வீட்டுக்காரரின் ஓட்டல் சமையல் வேலையும் போகும் என்று ஒரே நொடியில் எல்லாவற்றையும் நினைத்துப் பயந்து, சைக்கிளில் ஏறி மிதித்தேன். திரும்பிப் பார்த்தால் அவர் ஓடி வருகிறார். நான் சந்துக்குள் திரும்பினேன், அவரும் திரும்பினார். சந்து முடிந்த இடத்தில், ஒரு சூப்பர் மார்க்கெட் வாசலில், வெங்காயக் கூடைகளுக்குப் பக்கத்தில் என்னைப் பிடித்தார். மூச்சு வாங்க, கையை நீட்டினார். கையில் என் டிபன் பாக்ஸின் மூடி.

"நோ சாரி," என்றார், தன் நெஞ்சைத் தொட்டு. "மை சாரி. மை இன்சூரன்ஸ்."

அன்று மாலை வீட்டுக்காரர் விளக்கம் சொன்னார். இங்கே கார் சைக்கிளை இடித்தால், பெரும்பாலும் பொறுப்பு கார்க்காரர் தலையில்தானாம். "இடிச்சவன் ஓடுவான், பாத்துக்கீறேன். இடி வாங்கினவ ஓடினது உலகத்துலயே நீ ஒருத்திதான்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். சட்டம் என்றாலே பயம். அந்தப் பயத்திலேயே, எதற்கெல்லாம் பிடிப்பார்கள் என்று போனில் எழுத்துக் கூட்டித் தேடினேன். இந்த ஊர்ச் சட்டம் பார்த்துவிட்டு நம் ஊர்ச் சட்டத்தையும் பார்த்தேன். அங்கேயும் சைக்கிள் ஒரு வண்டிதான். இடித்த வண்டி நிற்க வேண்டும், அடிபட்டவருக்கு வைத்தியம் பார்க்க வழி செய்ய வேண்டும் என்று அங்கேயும் எழுதி வைத்திருக்கிறார்கள். நான் அங்கே இருந்தவரை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

போன தை மாதம் லீவில் சேக்காட்டுக்குப் போனது பொங்கலுக்கு மட்டும் இல்லை. எங்கள் நைனாவின் சைக்கிளை நிறுத்துவதற்காக. அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு வெட்டும் பிரஸ் மிஷின் ஓட்டி ஓய்வு பெற்றவர், இப்போது திருமுல்லைவாயிலில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் செடிகளைப் பார்த்துக்கொள்கிறார். மண்வெட்டி, உரச் சாக்கு எல்லாம் கேரியரில் கட்டிக்கொண்டு, லாரிகள் பறக்கிற சி.டி.எச். ரோட்டில் போவார். தீபாவளி சமயத்தில் ஒரு பைக் அவரைத் தட்டிவிட்டுப் போனதாகக் கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு இங்கே தூக்கமில்லை. போன அன்றே சைக்கிள் சாவிகள் இரண்டையும் எடுத்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

"அந்தாளு தாலி கட்னது எனக்கு இல்லடி, அந்த சைக்கிளுக்கு" என்றாள் அம்மா. "சாவி இல்லாம இன்னா பண்றாருன்னு பாரு."

என்ன பண்ணினார்? தினமும் காலையில் சைக்கிளைத் துடைத்தார். பெல்லை அடித்துப் பார்த்தார். செயினுக்கு எண்ணெய் விட்டார். பிறகு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். குடியிருப்பிலிருந்து போன் வந்தது: வராவிட்டால் வேறு ஆள் பார்ப்பார்களாம்.

"ஷேர் ஆட்டோல போயேன் நைனா."

"உரச் சாக்கை மடியில வெச்சிக்கினா? ஏத்துவானா? செடிங்கல்லாம் வாடிகினு கீது கண்ணு. நானுந்தான்."

அந்தக் கடைசி வார்த்தையில் நான் இறங்கிவிட்டேன். ஒரு நிபந்தனை போட்டேன்: நானும் பின்னாலேயே வருவேன். பக்கத்து வீட்டுப் பெண்ணின் சைக்கிளை இரவல் வாங்கினேன். பதினொன்றாவது படிக்கிற பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுக்கிற சைக்கிள். எட்டாவதோடு நின்றவளுக்குக் கிடைக்காமல் போனது, இப்போது என் கையில். ஹேண்டிலைப் பிடித்ததும், இந்த வயதில், வாய் தானாகப் பல்லைக் காட்டியது.

உட்ரெக்ட்டில் சைக்கிளுக்கென்று சிவப்பு நிறத்தில் தனிப் பாதை. அதில் போகிறவர்கள் யாரையும் பார்ப்பதில்லை. சி.டி.எச். ரோட்டில் நைனா எல்லோரையும் பார்த்துக்கொண்டு போனார். டீக்கடைக்கு ஒரு கை, பூக்காரம்மாவுக்கு ஒரு கை, தண்ணி லாரிக்கு மட்டும் இரண்டு கையும் ஹேண்டிலில். நான் பின்னால், தெரிந்த சாமிகள் எல்லோரையும் கூப்பிட்டுக்கொண்டு போனேன். ஆனாலும் காலை வெயில் முதுகில் பட, முன்னால் அந்த உரச் சாக்கு ஆடி ஆடிப் போவதைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

திருமுல்லைவாயிலை நெருங்கும்போது நடந்துவிட்டது. எங்களைத் தாண்டிய ஒரு வெள்ளைக் கார், இண்டிகேட்டர் போடாமல் சடாரென்று இடது பக்கத் தெருவுக்குள் ஒடித்தது. நைனாவின் முன் சக்கரம் மாட்டி, அவர் ஓரத்து மணலில் விழுந்தார். விழுந்த வேகத்திலேயே சொன்னார்: "சாரி சார், சாரி சார்!"

கார்க்காரர் கண்ணாடியை இறக்கினார். "பாத்து வரமாட்டியா பெருசு?"

என் வாயிலும் அதே 'சாரி' வந்து நின்றது. சத்தியமாக. ஆனால் அந்த நேரம் பார்த்து, வெங்காயக் கூடைகளுக்குப் பக்கத்தில் மூச்சு வாங்க நின்ற பெரியவரும் அந்த மூடியும் கண்ணில் வந்தன. சைக்கிளைக் காருக்கு முன்னால் குறுக்கே நிறுத்தினேன்.

"எங்க நைனா எதுக்கு சார் சாரி சொல்லணும்? அவரு நேராப் போயினு இருந்தாரு. கைகூட காட்டாம ஒடிச்சது நீங்க."

"வுடு கண்ணு," என்றார் நைனா மணலில் உட்கார்ந்தபடி. "சார் வேலைக்குப் போறாரு."

"நீயும் வேலைக்குத்தான போற நைனா?"

கார்க்காரர் குறுக்கே கேட்டார்: "சைக்கிளுக்கு இன்னாம்மா ரூல்ஸு?"

"சைக்கிளும் வண்டிதான் சார். இடிச்ச வண்டி நிக்கணும், அடிபட்டவங்கள ஆஸ்பத்திரில காட்டணும். இது வெளிநாட்டுச் சட்டம் இல்ல, நம்மூரு சட்டம்."

பின்னால் நின்ற ஷேர் ஆட்டோவிலிருந்து டிரைவர் எட்டிப் பார்த்தார். "அண்ணாத்தே, அக்கா சொல்றது கரெக்டு. எறங்கி பெருச தூக்கு. எனக்கும் வழி கெடைக்கும்!"

ஆட்டோவுக்குள் எல்லோரும் சிரித்தார்கள். கார்க்காரர் இறங்கினார். நைனாவின் முழங்காலில் ரத்தத்தைப் பார்த்ததும் அவர் முகமே மாறிப்போனது. அவரே தோளைக் கொடுத்துத் தூக்கினார். கோணிய சக்கரத்தோடு சைக்கிள் டிக்கியில் ஏறியது, பாதி வெளியே தொங்கியது. நைனா முன் சீட்டில், ஏசி காற்றில், மகாராஜா போல. நான் பின்னாலேயே மிதித்தேன். கிளினிக்கில் கட்டுப் போட்டதும் கார்க்காரர், "என் தப்புதாங்க, சாரி" என்றார்.

"பரவால்ல சார். சாரி" என்றார் நைனா.

நர்ஸ் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டோம். பழக்கம், ஒரே நாளில் போகாது.

சக்கரம் சரியாகி வந்த அன்று, கைப்பையைத் திறந்து இரண்டு சாவியையும் அவர் முன் வைத்தேன். அவர் ஒன்றை மட்டும் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். "இன்னொண்ணு உங்கிட்டயே இருக்கட்டும். நீ வந்தாதான் எனக்கு எஸ்கார்ட்டு."

இப்போது வீடியோ காலில் தெரிகிறது: டீக்கடையிலிருந்து வேலைக்குப் போகிற சைக்கிள்காரப் பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்தே கிளம்புகிறார்கள், நைனா முதலில். 'எவன் இட்ச்சாலும் நாம சாரி சொல்லக்கூடாது' என்பதுதான் அவர்கள் சங்கத்தின் ஒரே விதியாம். மீறினவர் கணக்கில்தான் அன்றைக்கு எல்லோருக்கும் டீ.

எனக்குக் கவலை போகவில்லை, அது கூடப் பிறந்தது. ஆனால் கார் நின்றால் இப்போது நான் போய்விடுகிறேன், ஒரு தலையசைப்போடு. அதற்கு முன்னால் தினமும் ஒரு கூத்து. குளிரில் விறைத்த விரலோடு, வாசலில் நிற்கிற சைக்கிளின் பூட்டில் சாவியை நுழைக்கிறேன். திரும்பாது. பார்த்தால் அது ஆவடி சாவி. இரண்டும் ஒரே வளையத்தில்தான் இருக்கின்றன. கை முதலில் எடுப்பது எப்போதும் அதைத்தான்.