இன்னொரு யோகமலர்

ரொறொன்ரோவின் வெக்ஸ்போர்ட்டில் லோரன்ஸ் வீதியோரமாக நிற்கும் அந்த வாடகைக் கட்டடத்தில், நவரட்ணம் ஒருவரையும் நம்பமாட்டான் என்பது எல்லோருக்கும் தெரியும். லிஃப்ட் பழுது என்று அறிவித்தல் ஒட்டியிருந்தால்கூட ஒருதரம் பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவான். அழுத்துவது விரலால் அல்ல. ரூஜ் பக்கம் ஒரு புது வீட்டின் கூரை வேலையில் நின்றபோது சறுக்கி விழுந்து கழுத்தெலும்பு முறிந்ததிலிருந்து, தோளும் முழங்கையும் மட்டுந்தான் அவன் சொல்லுக் கேட்டன. கையை வீசி முட்டியால் குத்துவான். கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர்கள் பலர் குடியிருந்த அந்தக் கட்டடத்தில் அந்தக் குத்துக்கே தனி மதிப்பு இருந்தது.

விழுவதற்கு முன்னர் அவன் அப்படி இருந்ததில்லை. ஆனால் காலையில் ஒருவர் வந்து திருப்பி, கழுவி, உடுப்பு மாட்டி, தூக்கும் யந்திரத்தில் தொங்கவிட்டு நாற்காலியில் இறக்கினால்தான் நாள் தொடங்கும் என்ற நிலை வந்தபின், மனிதனுக்கு மறைவு என்று ஒன்று மிஞ்சுவதில்லை. ஒருநாள் லிஃப்டுக்குள் இரண்டு உதவியாளர்கள் அவனுடைய வயிறு அன்று போனதா இல்லையா என்று அவனை நடுவில் வைத்துக்கொண்டே கதைத்தார்கள். அவன் ஏதோ கதிரை மேசை என்பதுபோல. அன்றிலிருந்து யார் தாழ்ந்த குரலில் கதைத்தாலும் தன்னைப் பற்றித்தான் என்று எடுத்துக்கொண்டான். பல தடவை அது சரியாகவும் இருந்தது.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு பனி கரையத் தொடங்கியபோது பக்கத்து வீட்டுக்கு ஸுபைர் குடிவந்தார். அவரும் கழுத்துக்குக் கீழே அசையாதவர்தான். நாற்காலி வாழ்க்கையில் நவரட்ணத்தைவிட நெடுநாள் பழகியவர். வாயில் ஒரு குச்சியைக் கவ்விக்கொண்டு கணினியும் போனும், நாடியை அசைத்து நாற்காலியும் இயக்குவார். யாழ்ப்பாணம் சோனகதெருவில் பிறந்து, தொண்ணூறில் தமிழ் இயக்கம் முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேற்றியபோது புத்தளத்துக்குப் போய், பிறகு கனடா வந்தவர்.

வந்த கிழமையே அவர் ஒரு ஏற்பாட்டைத் தொடங்கினார். காலையில் அவர் நவரட்ணத்துக்குப் போன் எடுப்பார். நவரட்ணம் மேல்மாடி வேரோனிக்காவுக்கு எடுக்கவேண்டும். வேரோனிக்கா அவருக்கு எடுப்பார். யாராவது பதில் சொல்லாவிட்டால் கீழே உள்ள உதவியாளர் அறைக்குச் சொல்லவேண்டும். நெடுஞ்சாலை விபத்தில் கழுத்து முறிந்து, நாடியால் நாற்காலி ஓட்டும் வேரோனிக்கா மன்னார்க்காரி. கலகலப்பானவர்; உடனே சம்மதித்துவிட்டார்.

"என்ன தம்பி, எழும்பிட்டீங்களோ?" என்பார் ஸுபைர். "தலையிடி ஒண்டும் இல்லையே? முகம் வேர்க்குதோ?"

"வேர்த்தா உங்களுக்கென்ன?" என்பான் நவரட்ணம்.

இந்த மனிதர் ஏன் தன் சுகத்தை விசாரிக்கிறார் என்று அவன் மண்டையைக் குடைந்தான். காலை நேரம் எல்லோருக்கும் உதவியாளர் கிடைப்பதில்லை. நவரட்ணத்துக்கு எல்லோருக்கும் முந்திய நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அந்த நேரத்தைத் தனக்கு எடுக்க வழி பார்க்கிறாரோ? ஸுபைர் நடைவழியில் உதவியாளர்களோடு மெல்லக் கதைப்பதையும், நவரட்ணத்தின் கதவு திறந்தால் நிறுத்துவதையும் அவன் கவனித்து வைத்தான்.

அவனுடைய நெஞ்சில் அப்போது வேறொரு நெருப்பும் இருந்தது. தங்கச்சி யோகமலர் சண்டை நடக்கும் வன்னிக்குள் அகப்பட்டிருந்தாள். மாசி மாதத்துக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. போனைக் கையில் பிடிக்க முடியாததால் அவன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் கதைப்பான். லண்டன், வவுனியா, கொழும்பு என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் எடுத்து, "யோகமலரை ஆரும் கண்டவையோ?" என்று கேட்பான். ஒருவரும் கண்டிருக்கவில்லை.

வைகாசி நடுவில் இயக்கத்தோடு எல்லாம் முடிந்துவிட்டது என்ற செய்தி வந்தது. அன்று கனடாவில் விக்டோரியா தின விடுமுறை. பொழுதுபட வாணம் விடுவது இந்த ஊர் வழக்கம் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும், யன்னலுக்கு வெளியே முதல் வாணம் வெடித்தபோது அவனுடைய கால்கள் இரண்டும் தாமாக உதறின. அதே நேரம் சுவருக்கு அப்பால் ஸுபைர் வீட்டிலிருந்து புரியாணி மணம் வந்தது. பல பேருடைய குரல். பிறகு சிரிப்பு.

அவன் சுவரைப் பார்த்தபடி இருந்தான். படுக்கவைக்க வந்த உதவியாளரிடம் போன் வயரைக் கழற்றச் சொன்னான்.

மறுநாள் காலை வழக்கமாக வரும் பவளராணி வரவில்லை. மல்வேர்னிலிருந்து பஸ் எடுத்து வருபவள். முதல் நாள் முழுக்கத் தமிழர் ஊர்வலத்தில் நின்றுவிட்டு எழும்ப முடியாமல் கிடந்தாள் என்று பிறகுதான் தெரிந்தது. பதிலுக்கு, வெகுநேரம் பிந்தி, ஒரு புதுப் பெண் வந்தாள். அவசரமாக உடுப்பு மாட்டி அவனை நாற்காலியில் இறக்கிவிட்டுத் தேத்தண்ணி போடக் குசினிப் பக்கம் போனாள்.

சிறிது நேரத்தில் நவரட்ணத்தின் தலை பிளக்கத் தொடங்கியது. நெற்றி வேர்த்து, கழுத்து மயிர் சிலிர்த்தது. அவனுக்கு அது என்னவென்று தெரியும். உணர்வில்லாத உடம்பு ஏதோ ஓரிடத்தில் அடைபட்டு நிற்கிறது. சொல்ல வாயில்லாமல் இரத்த அழுத்தத்தை மேலே ஏற்றுகிறது. பெரும்பாலும் மூத்திரம் இறங்கும் சலக்குழாய்தான். விட்டால் மூளையில் இரத்தம் கசியும்.

"குழாய்" என்று ஆங்கிலத்தில் சொன்னான். அவள் காலோடு கட்டியிருந்த பையைப் பார்த்து, அதில் சலம் இருக்கிறது, எல்லாம் சரி என்றாள். அது முன்னமே நின்ற சலம். அவன் கத்தினான். ஊர்ச் செய்தியைக் கேட்டு மனம் குழம்பிப்போனான் என்று நினைத்து, அவள் நாற்காலியைப் பின்னால் சாய்த்து அவனைப் படுக்கவைத்தாள். அதுதான் செய்யக்கூடாதது. கண் இருண்டுகொண்டு வந்தது. போன் இருந்த பக்கம் கையை வீசினான். வயர் நிலத்தில் கிடந்தது.

அப்போது கதவில் இடி விழுந்ததுபோல ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. காலைப் போனுக்குப் பதில் கிடைக்காமல் வந்த ஸுபைர் தன் நாற்காலியின் கால்தட்டால் கதவை மோதிக்கொண்டிருந்தார். அவள் திறந்ததும் வாசலிலேயே நின்று நல்ல ஆங்கிலத்தில் கட்டளை போட்டார். "நிமிர்த்து. முழுக்க நிமிர்த்து. இடுப்புப் பட்டியைக் கழற்று. குழாயைப் பையிலிருந்து மேலே தடவிக்கொண்டு போ."

தொடைக்குக் கீழே காற்சட்டை மடிப்புக்குள் குழாய் நெரிந்து கிடந்தது. அதை எடுத்துவிட்டதும் சலம் ஓடியது. மெல்ல மெல்ல அறை வெளித்தது. அந்தப் பெண் சுவரில் சாய்ந்து நின்று அழுதாள். ஸுபைர் அவளைக் கீழே போய்த் தண்ணீர் குடித்து வரும்படி சொன்னார்.

இருவரும் தனித்தபோது நவரட்ணம் நன்றி சொல்லவில்லை.

"நேற்றுச் சிரிச்சனீங்கள்" என்றான்.

"பேரப்பிள்ளையள் வாணம் பாக்கப் போக முதல் சாப்பிட வந்தவை. சிரிச்சது அதுகள்" என்றார் ஸுபைர். பிறகு, "நீங்கள் கேக்கிறது அதை இல்லை, என்ன? ரெண்டு மணித்தியாலம் தந்து எங்கள வெளியால போகச் சொன்னவங்கள், தம்பி. அவங்கட கதை முடிஞ்சுது எண்டு கேட்டவுடன எனக்குள்ளயும் ஏதோ ஒண்டு வந்தது. சந்தோசமோ என்னவோ தெரியாது. வரேல்லை எண்டு பொய் சொல்ல மாட்டன். பிறகு உங்கட தங்கச்சியின்ர பேர் ஞாபகம் வந்தது."

"அவளின்ர பேர் உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"சுவர் மெல்லிசு. நீங்கள் ஸ்பீக்கரில கதைக்கிறியள்."

ஆக, ஒட்டுக் கேட்டது உண்மை. நவரட்ணத்துக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். ஆனால் சந்தேகப்பட்டதை ஒருவர் முகத்துக்கு நேரே ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

ஸுபைரின் மச்சான் றிஸான் வவுனியாவில் மரக்கறி லொறி ஓட்டுபவன். வன்னியிலிருந்து வந்தவர்களை அடைத்துவைத்த செட்டிகுளம் முகாம்களுக்குள் போய்வருபவன். "சொன்னா விசாரிப்பான். பவளராணியிட்டயும் கேட்டனான், உங்களிட்ட எப்பிடிச் சொல்லுறதெண்டு. வேண்டாமெண்டா விடுறன்" என்றார் ஸுபைர். நடைவழிக் கதை அதுதான்.

நவரட்ணம் பல நாள் யோசித்தான். முகாமுக்குள் ஒரு பெயரை அனுப்பினால் அது யார் காதுக்குப் போகும்? படையினர் அவளைப் பிடித்துக்கொண்டு போகமாட்டார்களா? கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தான். தன் பெயரை எங்கும் சொல்லக்கூடாது. கனடாவில் உள்ள ஒரு அண்ணன் யோகமலரைத் தேடுகிறார், அவ்வளவுதான்.

ஆனி மாதம் ஒரு காலை ஸுபைர் வீட்டில் மூன்று நாற்காலிகளும் கூடின. வேரோனிக்கா செபம் சொல்லிக்கொண்டிருந்தார். போன் மணி அடித்தது. றிஸான் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு யாரிடமோ கொடுத்தான்.

"அண்ணை" என்றது ஒரு பெண் குரல். அதற்குமேல் அழுகைதான்.

அந்த ஒரு சொல்லில் நவரட்ணத்தால் குரலை அடையாளம் காண முடியவில்லை. வேரோனிக்கா கண்ணால் கெஞ்சினார், கதை என்று. அவன் கேட்டான்: "அம்மா எங்க செத்தவ?"

"மாத்தளனில அண்ணை. செல் விழுந்து. புதைக்கக்கூட ஏலாமப் போச்சு."

நவரட்ணத்தின் அம்மா யாழ்ப்பாணம் ஆசுப்பத்திரியில், சண்டை திரும்பத் தொடங்க முன்னமே கண்மூடியவர்.

நவரட்ணம் பேசாமல் இருந்தான். அந்த அமைதியிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. "அப்ப நீங்கள் என்ர அண்ணை இல்லையோ?" என்றாள். "என்ர அண்ணை அன்புராசா. ரொறொன்ரோவிலதான். நம்பர் எழுதின துண்டு தண்ணிக்குள்ள போயிட்டுது. நான் இருக்கிறன் எண்டு அவருக்குச் சொல்லுவியளோ?" போன் அறுந்தது.

"உங்கட மச்சான் ஆரையோ பிடிச்சு நடிக்க விட்டிருக்கிறார்" என்றான் நவரட்ணம்.

ஸுபைரின் முகம் சுருங்கியது. "உங்கட பேரைச் சொல்லியிருந்தா அந்தப் பிள்ளை முதலே இல்லையெண்டிருக்கும்" என்றார்.

"அப்பிடியொரு அன்புராசா இருக்கிறாரோ எண்டு பாத்திடுவம்" என்றான் நவரட்ணம் முரட்டுத்தனமாக.

பொய்யைக் கண்டுபிடிக்கத்தான் அவன் தொடங்கினான். ஸுபைர் வாய்க்குச்சியால் கணினியில் தட்டி அன்புராசாக்களின் எண்களைத் தேடிக் கொடுத்தார். வேரோனிக்கா போன் பேசும் காதுக்கருவி போட்டுக்கொண்டு கோயில்களுக்கும் கடைகளுக்கும் எடுத்தார். நவரட்ணம் முட்டி சிவக்கச் சிவக்கப் பொத்தான்களைக் குத்தினான். அந்தக் கோடையில் முன்பின் தெரியாத குரல் வன்னி உறவைப் பற்றிக் கேட்டால் யார்தான் பதில் சொல்வார்கள்? "நீங்கள் ஆர்? ஆர் உங்களுக்கு நம்பர் தந்தது?" என்று எல்லோரும் அவனைத்தான் சந்தேகித்தார்கள். பலர் போனை வைத்தார்கள். தன் குரலைத் தானே மறுபக்கத்திலிருந்து கேட்பதுபோல அவனுக்கு இருந்தது.

மல்வேர்னில் ஒரு அன்புராசா, பேக்கரி ஒன்றில் வேலை செய்பவர், போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உங்கட அம்மா எங்க செத்தவ?" என்றான் நவரட்ணம்.

"அதை நீர் ஏன் கேக்கிறீர்?"

"சொல்லுங்கோ."

"மாத்தளனில எண்டுதான் கேள்விப்பட்டன். சரியாத் தெரியாது."

"உங்கட தங்கச்சி யோகமலர் உயிரோட இருக்கிறா. செட்டிகுளத்தில."

போன் வைக்கப்பட்டது. நவரட்ணம் கோபிக்கவில்லை. இப்படி ஒருவன் தனக்கு எடுத்திருந்தால் தானும் வைத்திருப்பான். திரும்ப எடுத்தான். மூன்றாவது தரம் விலாசத்தைச் சொல்லி, "என்னை நம்பவேண்டாம். வந்து உங்கட காதால கேளுங்கோ" என்றான்.

அன்புராசா மறுநாள் வந்தார். வேலை உடுப்பில் மாவு ஒட்டியிருந்தது. மூன்று நாற்காலிகளையும் மாறி மாறிப் பார்த்தபடி வாசலில் நின்றார். உள்ளே வரத் தயங்கினார். றிஸான் தொடர்பு எடுத்துக் கொடுத்தான். அந்தக் குரல் "அண்ணை" என்றதும் அந்தப் பெரிய மனிதர் நிலத்தில் குந்தி, போன் இருந்த மேசைக் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நவரட்ணம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு யன்னலைப் பார்த்தான்.

அவனுடைய யோகமலர் கிடைக்கவில்லை. மற்ற யோகமலர் முகாமில் கூடாரம் கூடாரமாக விசாரித்தாள். கடல்நீரேரி கடந்தபோது கண்டதாக ஒரு பெண் சொன்னாள். அதற்கு முன்னமே செல் வெடித்து இறந்துவிட்டதாக வேறொருவர் சொன்னார். அவள் இரண்டையும் தயங்கித் தயங்கி அவனுக்குச் சொன்னாள். அவன் ஒவ்வொன்றாகக் குறுக்கு விசாரணை செய்தான். எந்த இடம், எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றவள், என்ன உடுப்பு? ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை.

"செத்ததைக் கண்ணால கண்டனெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. நான் நம்ப மாட்டன்" என்றான் ஸுபைரிடம்.

வேரோனிக்கா அவளுடைய ஆத்துமத்துக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுக்கலாம் என்று மெல்லச் சொன்னபோதும் அதையே சொன்னான். ஸுபைர் மட்டும் அவனை நம்பச் சொல்லவுமில்லை, விடச் சொல்லவுமில்லை. புத்தளத்திலும் வவுனியாவிலும் தனக்குத் தெரிந்தவர்களிடம் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டேயிருந்தார். இந்தத் தடவை, அவனே சொல்லச் சொன்னபடி, நவரட்ணம் என்ற பெயரையும் சேர்த்தே சொன்னார்.