தம்ளர் வைத்த பிரசங்க மேடை

ஸ்காட்லாந்தில் நான் பிரசங்கிக்கும் சிறிய ஆலயத்தில், வேதபாடம் வாசித்து முடித்ததும் முதலில் காதில் விழுவது மிட்டாய் உறை பிரிக்கும் சத்தம். முன்வரிசை மார்கரெட் அம்மையார் கைப்பையிலிருந்து ஒரு பெப்பர்மின்ட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, பக்கத்தில் இருப்பவருக்கும் ஒன்று நீட்டுவார். வந்த புதிதில் எனக்குச் சுருக்கென்றது. நம் ஊரில் பிரசங்க நேரத்தில் யாராவது வாயில் எதையாவது மென்றால் உபதேசியார் முறைக்கிற முறைப்பிலேயே விழுங்கிவிடுவார்கள். இங்கேயோ, இருமிப் பிரசங்கியாருக்கு இடைஞ்சல் செய்யக்கூடாதே என்றுதான் மிட்டாயாம். இரண்டு மிட்டாய் கரைவதற்குள் பிரசங்கம் முடிந்துவிட வேண்டும் என்பது போகப் போகத் தெரிந்தது.

மனைவி ஸ்டெல்லாவுக்கு இங்கே முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை கிடைத்தது. நான் கூட வந்தவன். போதகர் இல்லாமலிருந்த இந்த ஆலயத்தின் மூப்பர்கள், மூன்று மாதம் பார்த்துவிட்டு என்னை வைத்துக்கொள்வதைப் பற்றி முடிவு செய்வதாகச் சொன்னார்கள். பதினைந்து வருடம் பிரசங்கித்தவன் நான். அதை எடுத்துவிட்டால் நான் யார் என்று எனக்கே தெரியாது. பயந்துகொண்டேதான் முதல் ஞாயிறுக்குப் போனேன்.

திண்டிவனம் பக்கத்துச் சபையில் என் தயாரிப்பே வேறு. விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது ஒரு தாளில் நாலு குறிப்பு எழுதினால் போதும், மீதியைச் சபை பார்த்துக்கொள்ளும். வாரமெல்லாம் மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கக் குனிந்து நிமிர்ந்த பெண்கள் தூங்கிவிடாமலிருக்க ஒரு வழி உண்டு. கடைசி வார்த்தைக்கு முன்னால் நிறுத்திவிட வேண்டும். "தொண்ணூத்தொம்போதையும் வுட்டுட்டு மேய்ப்பன் தேடிக்கினு போனது, காணாமப்போன அந்த ஒரே ஒரு..." என்று நிறுத்தினால், "ஆடு" என்று கூரை அதிரும். பாதிப் பிரசங்கம் அவர்களுடையது.

அதே பழக்கத்தில் இங்கேயும் ஆட்டுக்கு முன்னால் நிறுத்தினேன். ஒரு சத்தமும் இல்லை. மறுபடி சொல்லி, கையை வேறு நீட்டிப் பார்த்தேன். மிட்டாய் கடிபடுவதுகூட நின்றுபோனது. மார்கரெட் எழுந்து போய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து, நீட்டிய கையில் கொடுத்து, "டேக் யுவர் டைம், டியர்" என்றார். எனக்கு மயக்கம் வருகிறது என்று நினைத்துவிட்டார். வேறென்ன செய்வது, குடித்தேன்.

ஸ்டெல்லா வயிறு நோகச் சிரித்தாள். "நீங்க சும்மா நின்னுக்கினு இருந்தா அவங்களுக்கு இன்னாங்க தெரியும்? ஒரு வார்த்த வுடாம எழுதிக்கினு போங்க" என்றாள்.

எழுதினேன். சமையலறையில் நின்று படித்துக்காட்டுவேன். அவள் கைபேசியில் நேரம் பார்ப்பாள். எழுத எழுதத்தான் என் குட்டு வெளிப்பட்டது. நான் யோசிக்காமல் விட்ட இடங்களையெல்லாம் இத்தனை வருடம் சபையின் சத்தம் மூடி வைத்திருக்கிறது. மௌனமாக உட்கார்ந்திருந்த இவர்களோ எதையும் விடவில்லை. நான் சொன்ன ஒன்றைப் பற்றி ரொட்டிக் கடையில் ஒருவர் பத்து நாள் கழித்துக் கேள்வி கேட்டார். மூன்று மாதம் முடிந்ததும் என்னை வைத்துக்கொண்டார்கள்.

போன விடுமுறையில் திண்டிவனம் சபையில் பிரசங்கிக்கக் கூப்பிட்டார்கள். அளந்து எழுதிய பிரசங்கம். வாழ்நாளில் அதைவிட நன்றாக நான் செய்ததில்லை. ஆராதனை முடிந்ததும், அந்தக் காலத்தில் எல்லோருக்கும் முந்திப் பதில் சொல்லும் ராணியக்கா வாசலில் நின்றார். போதகரை ஐயர் என்றுதான் அங்கே கூப்பிடுவார்கள்.

"நல்லாத்தான் இருந்துச்சுங்க ஐயரே. ஆனா எல்லாத்தையும் நீங்களே சொல்லி முடிச்சிட்டீங்க. எங்களுக்கு ஒரு வார்த்த மிச்சம் வெக்கலியே."

வெட்கமாக இருந்தது.

இப்போதும் ஒவ்வொரு ஞாயிறும் நான் ஏறுவதற்கு முன்பே மார்கரெட் பிரசங்க மேடையில் தண்ணீர் வைத்துவிடுகிறார். எழுதிய தாளில் மூன்று இடங்களில் ஒரு வார்த்தை அளவுக்கு வெற்றிடம் விட்டிருப்பேன். அங்கே வந்ததும் தம்ளரை எடுத்து ஒரு மிடறு குடிக்கிறேன். இவர்கள் வாயில் மிட்டாயோடு பொறுமையாகக் காத்திருக்கிறார்கள். அந்த ஒரு மிடறுக்குள் ராணியக்கா என் காதுக்குள் அந்த வார்த்தையைச் சொல்லிவிடுகிறார். தம்ளரை வைத்துவிட்டு, அதே வார்த்தையை இவர்களுக்கு நான் சொல்கிறேன்.